பச்சை குத்தும் கடைக்கு இடம் விடுமுன்

திருவிழாக் கூட்டத்தில் மரத்தடியில் உட்கார்ந்து பச்சை குத்திய காலம் போய், இன்று டாட்டூ என்ற பெயரில் அது கடைத்தெருவுக்கே வந்துவிட்டது. அழகு நிலையங்களில் புருவத்திலும் உதட்டிலும் நிலையாக நிறமேற்றுவதும் இதே ஊசி வேலைதான். ஆரணி, செய்யாறு, வெம்பாக்கம் பகுதிகளில் கடை மாடியையோ பக்கத்து அறையையோ வாடகைக்கு விடும் நம் உறுப்பினர்கள், இதையும் செல்போன் கடை போல எண்ணிச் சாவியைக் கொடுத்துவிடக் கூடாது.

2024 டிசம்பரில் திருச்சி டாட்டூ கடை ஒன்றில் இளைஞர்களின் நாக்கைப் பிளந்ததாகக் கடை நடத்தியவரும் உதவியாளரும் கைதாயினர். மாநகராட்சி கடைக்குச் சீல் வைத்தது. சீல் விழுவது ஊசியின் மேல் அல்ல, வாடகைக்கு விட்டவரின் கதவின் மேல்!

நகராட்சி எல்லைக்குள் தொழில் உரிமம் வாங்கியே கடை திறக்க வேண்டும். ஊராட்சிப் பகுதியில் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு, எழுத்து மூலம் பதில் பெற்று வைப்பது நல்லது. ஆனால் உரிமம் என்பது ஊசி சுத்தம் என்பதற்குச் சான்று ஆகாது.

ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்கும் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலை பி, சி வகைக் கிருமிகளும் எய்ட்ஸ் கிருமியும் பரவலாம். பி வகைக் கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிரோடு இருக்கும். பச்சை குத்திக்கொண்டவரிடம் 12 மாதம் இரத்த தானம் பெறாததும் இதனால்தான். ஊசியை வெந்நீரில் முக்கி எடுப்பது போதாது. ஒவ்வொருவருக்கும் புது ஊசி, வாடிக்கையாளர் கண்முன்னே உறை பிரிக்கப்பட வேண்டும். மையைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். திரும்பப் புட்டியில் ஊற்றுவது பெருந்தவறு. எண்ணெய் பாக்கெட்டில் காலாவதித் தேதி பார்க்கும் நமக்கு, மைப் புட்டியில் தயாரிப்பாளர் பெயரும் தேதியும் இருக்கிறதா என்று பார்ப்பது பெரிய வேலையல்ல. கர்நாடகத்தில் 2025 பிப்ரவரியில் சுகாதார அமைச்சரே டாட்டூ மையில் 22 உலோகங்கள் காணப்பட்டதாகக் கூறினார்.

இவற்றையெல்லாம் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். 18 வயது நிரம்பாதவருக்குக் குத்தக் கூடாது, நாக்கு, காது வெட்டும் வேலை கூடாது, குத்துபவர் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பனவும் அதில் இருக்கட்டும்.

பழைய ஊசிகளைக் கெட்டியான மூடியிட்ட டப்பாவில் சேர்த்து, மருத்துவக் கழிவு எடுப்போரிடம் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். சாதாரணக் குப்பைப் பையில் போட்டால், காலையில் அதைக் கையால் பிரிப்பவர் நம் ஊர்த் தூய்மைக் காவலர்.