சிங்கங்களின் சமூக வாழ்வு: இணை, துணை, உறவு

சிங்கம் பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஊனுண்ணிப் பாலூட்டி. இதன் அறிவியல் பெயர் பாந்தெரா லியோ. இதே குடும்பத்தைச் சேர்ந்த புலியும் சிறுத்தையும் பெரும்பாலும் தனித்து வாழ்பவை. பெண், ஆண், குட்டிகள் எல்லாம் சேர்ந்த நிலையான கூட்டமாகக் காட்டில் வாழும் பெரும்பூனை சிங்கம் மட்டுமே.

ஆனால், சிங்கம் தனியாகத் திரியும் வீரன் என்ற எண்ணம் நம் பேச்சிலும் திரைப்பட வசனங்களிலும் ஊறிப்போயிருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. தனியாகத் திரியும் ஆண் சிங்கம் பெரும்பாலும் இன்னும் இடம் பிடிக்காத இளம் சிங்கமாக இருக்கும். அல்லது பிடித்த இடத்தை இழந்த சிங்கமாக இருக்கும்.

சிங்கம் தன் இணைக்கு விசுவாசமாக இருக்குமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இருக்காது என்பதே விடை. சிங்கங்களிடையே நிலைத்த பிணைப்பு இரண்டு இடங்களில் காணப்படுகிறது. ஒன்று, உடன் பிறந்து வளர்ந்த பெண் சிங்கங்களுக்கு இடையே உள்ளது. மற்றொன்று, சேர்ந்து போரிடும் ஆண் சிங்கங்களுக்கு இடையே உள்ளது. ஆண் பெண் உறவு இந்த இரண்டுக்கும் நடுவே சில நாட்கள் மட்டும் நிகழ்வது.

கூட்டத்தின் அமைப்பு

சிங்கங்களின் சமூக வாழ்வைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் செரெங்கெட்டி சமவெளியிலிருந்து கிடைத்தது. 1966ஆம் ஆண்டு ஜார்ஜ் ஷாலர் அங்கே ஆய்வைத் தொடங்கினார். பின்னர் பிரையன் பெர்ட்ரம் முதலியோர் தொடர்ந்தனர். 1978 முதல் கிரெய்க் பேக்கர், ஆன் ப்யூஸி ஆகியோர் பல ஆண்டுகள் நடத்தினர். மீசை அருகே உள்ள புள்ளிகளின் வரிசை ஒவ்வொரு சிங்கத்துக்கும் வேறுபடும். அதைக் கொண்டு சிங்கங்களைத் தனித்தனியே அடையாளம் கண்டு, தலைமுறை தலைமுறையாகப் பதிவு செய்தார்கள்.

அந்தப் பதிவுகளின்படி, ஒரு கூட்டத்தின் அடித்தளம் பெண் சிங்கங்களே. தாய், மகள், அக்காள், தங்கை, சிற்றன்னை, பாட்டி என அவை அனைத்தும் இரத்த உறவுகள். வளர்ந்த பெண் சிங்கங்கள் ஒரு கூட்டத்தில் ஒன்று முதல் 18 வரை இருக்கலாம். பெண் குட்டிகளில் பெரும்பாலானவை பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடுகின்றன. மற்றவை தங்கள் வயதொத்த சகோதரிகளுடன் வெளியேறி, அருகிலேயே புதுக் கூட்டம் அமைக்கின்றன. அந்நியப் பெண் சிங்கத்தை எந்தக் கூட்டமும் சேர்த்துக்கொள்வதில்லை.

ஆண் குட்டிகளின் கதை வேறு. இரண்டரை, மூன்று வயதுக்குள் அவை பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேறியாக வேண்டும். சில ஆண்டுகள் நாடோடிகளாக அலைந்து, வலிமை பெற்ற பின் வேறொரு கூட்டத்தைக் கைப்பற்ற முயல்கின்றன. வென்றாலும் அந்த ஆட்சி நீண்ட காலம் நிற்பதில்லை. சராசரியாக இரண்டு மூன்று ஆண்டுகளில் வேறு ஆண்கள் வந்து துரத்திவிடுகின்றன. எனவே 'காட்டு ராஜா' என்று நாம் அழைப்பது வந்து போகும் விருந்தாளியைத்தான். நிலத்துக்கு உரிமையுள்ள குடும்பம் பெண்களுடையது.

கூட்டமாக வாழ்வது ஏன்?

சேர்ந்து வேட்டையாடினால் அதிக உணவு கிடைக்கும், அதனால்தான் சிங்கங்கள் கூட்டமாக வாழ்கின்றன என்று முன்பு பாடநூல்கள் கூறின. எருமை போன்ற பெரிய விலங்குகளை வீழ்த்தக் கூட்டு வேட்டை உதவுகிறது என்பது உண்மையே. ஆனால் வேட்டையில் கிடைத்த இறைச்சியைத் தலைக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டுப் பார்த்தபோது, கூட்டம் பெரிதானால் பங்கும் பெரிதாகும் என்று சொல்ல முடியவில்லை. உணவு மட்டும் காரணம் அல்ல என்று பேக்கரும் அவருடைய குழுவினரும் 1990இல் விளக்கினார்கள்.

முதன்மையான காரணங்கள் இரண்டு. நீரும் இரையும் மறைவிடமும் உள்ள நல்ல நிலத்தை அண்டைக் கூட்டங்களிடமிருந்து காப்பது முதற்காரணம். குட்டிகளை அந்நிய ஆண் சிங்கங்களிடமிருந்து காப்பது இரண்டாவது. இந்த இரண்டாவது காரணத்தைப் புரிந்துகொள்ள, முதலில் இனச்சேர்க்கையைப் பற்றி அறிய வேண்டும்.

இனச்சேர்க்கை

சிங்கங்களுக்குக் குறிப்பிட்ட இனப்பெருக்கப் பருவம் இல்லை. பெண் சிங்கம் சினைப்பருவத்துக்கு வந்தால் அது ஏறத்தாழ நான்கு நாட்கள் நீடிக்கும். அந்நாட்களில் ஓர் ஆண் அதன் பக்கத்தை விட்டு நகராமல் காவல் இருக்கும். இருவரும் உணவைக்கூடப் பெரிதாக நாடுவதில்லை. ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, இரவும் பகலும் சேர்கின்றன. ஒரே ஆண் சிங்கம் 55 மணி நேரத்தில் 157 முறை சேர்ந்ததை ஷாலர் பதிவு செய்திருக்கிறார்.

இவ்வளவு நெருக்கத்தையும் நிலையான காதல் என்று கொள்ள முடியாது. பருவம் முடிந்ததும் இணை பிரிகிறது. அடுத்த முறை அதே பெண் வேறோர் ஆணுடன் சேரலாம். ஒரே பருவத்தில் ஆண்கள் மாறுவதும் உண்டு. ஒரே கூட்டத்தில் பல பெண்கள் இருப்பதால் ஆணும் பல பெண்களுடன் சேர்கிறது.

கருக்காலம் ஏறத்தாழ 110 நாட்கள். ஓர் ஈற்றில் பொதுவாக இரண்டு மூன்று குட்டிகள் பிறக்கும். தாய் கூட்டத்திலிருந்து விலகிப் புதர் மறைவில் ஈன்று, சில வாரங்கள் குட்டிகளை ஒளித்து வைத்து வளர்த்தபின் கூட்டத்துக்குக் கொண்டுவரும். குட்டிகள் தன் காலில் நிற்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை தாய் மறுபடி சினைப்படுவதில்லை.

ஆட்சி மாற்றமும் குட்டிகளும்

இங்கேதான் சிங்க வாழ்வின் மிகக் கடுமையான பகுதி வருகிறது. புதிதாக ஒரு கூட்டத்தைக் கைப்பற்றிய ஆண்கள், முந்தைய ஆண்களுக்குப் பிறந்த சிறு குட்டிகளைக் கொன்றுவிடுகின்றன. சற்றே வளர்ந்த குட்டிகளைத் துரத்திவிடுகின்றன. செரெங்கெட்டியில் இறக்கும் குட்டிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வாறு இறப்பவை எனக் கணக்கிட்டுள்ளனர்.

இதற்குக் காரணம் வன்மம் அன்று. புதிய ஆண்களின் ஆட்சி இரண்டு மூன்று ஆண்டுகளே. குட்டியுள்ள தாய் இரண்டு ஆண்டுகள் வரை சினைப்படாது. குட்டிகளை இழந்த தாயோ சில நாட்களிலோ வாரங்களிலோ பருவத்துக்கு வந்துவிடும். எனவே, குட்டிகளைக் கொல்லும் ஆணுக்கே தன் சந்ததியைப் பெற்று வளர்க்கக் காலம் கிடைக்கிறது. அந்த இயல்பு தலைமுறைகளாகத் தொடர்கிறது.

பெண் சிங்கங்கள் இதை வாளாவிருந்து ஏற்பதில்லை. குட்டிகளைக் காக்க உயிரைப் பணயம் வைத்துப் போராடுகின்றன. சில சமயம் காயமுற்று இறந்தும் போகின்றன. புதிய ஆண்கள் வந்த முதல் சில மாதங்களில் பெண்கள் அவற்றோடு அடிக்கடி சேர்ந்தாலும் கருத்தரிப்பதில்லை. வந்த ஆண்கள் நிலைத்து நிற்குமா என்று தெளிவாகும் வரை இந்த இடைவெளி நீடிக்கிறது. பிறக்கும் குட்டிகளுக்குக் காவல் உறுதியாக இதுவும் ஒரு வழி.

பெண்களின் பிணைப்பு

கூட்டத்தின் பெண்கள் பெரும்பாலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஈனுகின்றன. பிறகு தம் குட்டிகளை ஒன்றாகச் சேர்த்து வளர்க்கின்றன. இந்தக் குட்டிக்கூட்டத்தில் ஒரு தாயிடம் மற்றவளின் குட்டியும் பால் குடிப்பதைக் காணலாம். தாய் தன் குட்டிக்கே முன்னுரிமை தருகிறது. ஆனால் அயர்ந்து உறங்கும்போது பசித்த குட்டிகள் எல்லாம் வந்து முட்டுகின்றன. சேர்த்து வளர்ப்பதன் பெரும் பயன் பால் அன்று, பாதுகாப்பே. ஒரு தாயால் அந்நிய ஆணைத் தடுப்பது கடினம். இரண்டு மூன்று தாய்கள் சேர்ந்து நின்றால் சில குட்டிகளையாவது காப்பாற்ற முடிகிறது.

கர்ஜனையைப் பதிவு செய்து ஒலிபெருக்கி மூலம் கேட்கச் செய்து, ஆய்வாளர்கள் சில சோதனைகள் நடத்தினர். தம் கூட்டத்து ஆணின் குரலைக் கேட்டால் தாய்கள் அமைதியாக இருந்தன. அந்நிய ஆணின் குரலைக் கேட்டதும் உறுமின. குட்டிகளோடு விலகிச் சென்றன. அந்நியப் பெண்களின் குரலைக் கேட்டபோது, எத்தனை பேர் கர்ஜிக்கிறார்கள் என்பதை மதிப்பிட்டு, தம் பக்கம் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் எதிர்த்து முன்னேறின.

ஓநாய்களில் பெரும்பாலும் தலைமை இணை மட்டுமே குட்டி ஈனும். பெண் சிங்கங்களிடையே அத்தகைய மேல் கீழ் இல்லை. எல்லாப் பெண்களும் ஏறத்தாழச் சமமாகவே ஈன்று வளர்க்கின்றன. ஆயினும் எல்லாரும் சமமாக உழைப்பதில்லை. எதிரியை நோக்கி எப்போதும் முன்னே செல்லும் பெண்களும் உண்டு, ஒவ்வொரு முறையும் பின்தங்கும் பெண்களும் உண்டு என்று ராபர்ட் ஹைன்சனும் பேக்கரும் 1995இல் காட்டினர். முன்னே செல்பவை திரும்பிப் பார்க்கின்றன. பின்தங்குபவை யார் என்று அவற்றுக்குத் தெரிந்தே இருக்கிறது. ஆனாலும் தண்டிப்பதும் இல்லை, விலக்குவதும் இல்லை. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

ஆண்களின் கூட்டணி

பிறந்த கூட்டத்தை விட்டு ஒன்றாக வெளியேறும் சகோதரர்களும் ஒன்றுவிட்ட சகோதரர்களும் கூட்டணியாகச் சேர்ந்து வாழ்கின்றன. தனித்து வெளியேறும் ஆண், வழியில் காணும் அந்நிய ஆணைத் துணையாக்கிக்கொள்வதும் உண்டு. மரபணு ஆய்வுகளின்படி, இரண்டு அல்லது மூன்று சிங்கங்கள் உள்ள கூட்டணிகளில் உறவினர் அல்லாதவரும் இருக்கின்றனர். நான்கும் அதற்கு மேலும் உள்ளவை உறவினர்களால் மட்டுமே ஆனவை. பெரிய கூட்டணிகளில் சில ஆண்களுக்கே சந்ததி கிடைக்கிறது. தனக்குக் கிடைக்காவிட்டாலும் சகோதரனுக்குக் கிடைத்தால் குடும்ப மரபணு தொடரும். அந்நியனுக்காக அந்த இழப்பை ஏற்பது பயனற்றது.

ஆனால் எதிரியின் கர்ஜனை கேட்டால் உறவு, உறவின்மை என்ற வேறுபாடு மறைந்துவிடுகிறது. துணை அருகில் இல்லாதபோதும் ஆண் சிங்கம் எதிரியை நோக்கிச் செல்கிறது. துணை உறவினனா இல்லையா என்பது அதன் செயலை மாற்றுவதில்லை என்பதையும் 1990களின் சோதனைகள் காட்டின.

அண்மைக் கால எடுத்துக்காட்டு ஒன்று உகாண்டாவிலிருந்து கிடைத்தது. ராணி எலிசபெத் தேசியப் பூங்காவில் வேட்டைப் பொறியில் ஒரு பின்னங்காலை இழந்த ஜேக்கப் என்ற சிங்கம், தன் சகோதரன் டிபுவுடன் வாழ்ந்து வந்தது. 2024 பிப்ரவரியில் இரண்டும் முதலைகளும் நீர்யானைகளும் உள்ள கசிங்கா கால்வாயை இரவில் ஒன்றாக நீந்திக் கடந்தன. நீந்திய தொலைவு ஒரு கிலோமீட்டருக்கும் மேல். பெண் சிங்கங்களைத் தேடியே அவை கரை மாறியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

கிர் காட்டுச் சிங்கங்கள்

இதுவரை கண்டது ஆப்பிரிக்கச் சிங்கங்களின் வாழ்வு. இன்று ஆப்பிரிக்காவுக்கு வெளியே சிங்கங்கள் காட்டில் வாழும் ஒரே இடம் குஜராத்தின் கிர் காடும் அதைச் சூழ்ந்த பகுதிகளும்தான். 2020இல் 674 என மதிப்பிடப்பட்ட அவற்றின் எண்ணிக்கை 2025 கணக்கெடுப்பில் 891 ஆனது.

கிர் சிங்கங்களின் முதன்மை இரைகளுள் ஒன்று புள்ளிமான். வரிக்குதிரையையும் எருமையையும் போலப் பலர் பகிர்ந்து உண்ணும் அளவுக்கு அது பெரிய இரை அன்று. ஆகவே பெண்களின் கூட்டம் சிறியது. ஆண்கள் பெண்களுடன் சேர்ந்து வாழாமல் தனியே திரிகின்றன. இனச்சேர்க்கைக்கும் பெரிய இரை கிடைக்கும்போதும் மட்டுமே பெரும்பாலும் சந்திக்கின்றன.

ஸ்தோத்ர சக்ரவர்த்தி, யாதவேந்திரதேவ் ஜாலா ஆகியோரின் ஆய்வுகள் இங்கே இரண்டு செய்திகளைத் தந்தன. முதலாவது, ஒரு பெண் தன் நிலத்தைச் சூழ்ந்துள்ள பல கூட்டணிகளின் ஆண்களுடன் சேர்கிறது. பிறக்கும் குட்டி தன்னுடையதாக இருக்கலாம் என்பதால் அந்த ஆண்கள் எவையும் அதைக் கொல்வதில்லை. ஒருவனுக்கே உரியவளாக இருந்தால் கிடைக்காத பாதுகாப்பு, பலருடன் சேர்வதால் குட்டிக்குக் கிடைக்கிறது. இரண்டாவது, ஆண் கூட்டணியில் ஒருவனே மேலானவன். இனச்சேர்க்கை வாய்ப்புகளில் 70 விழுக்காட்டுக்கும் மேல் அவனுக்கே. ஆயினும் கீழுள்ளவன் விலகுவதில்லை. தனியனாக இருப்பதைவிடக் குறைந்த பங்குள்ள துணைவனாக இருப்பதே அவனுக்கு நன்மை.

விசுவாசம் என்று சொல்லலாமா?

மனிதரின் கற்பு, துரோகம் என்ற அளவுகோல்களைச் சிங்கத்தின் மேல் வைப்பது பொருந்தாது. அவற்றின் பிணைப்பை நாம் செயலைக் கொண்டே அறிய முடியும். பிரிந்து மீண்டும் சந்திக்கும் சிங்கங்கள் தலையோடு தலை உரசுகின்றன, ஒன்றையொன்று நக்குகின்றன. காயமுற்ற உறுப்பினரும் கூட்டத்தின் இரையில் வாய் வைக்க முடிகிறது. மறுபுறம், அதே இரையில் குட்டிகளைத் தள்ளிவிட்டுப் பெரியவை தின்பதும் நடக்கிறது. இரண்டும் சேர்ந்ததே சிங்கத்தின் வாழ்வு.

இந்த நெருக்கத்துக்கு விலையும் உண்டு. 1994இல் நாய்களிடம் காணப்படும் டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோய் செரெங்கெட்டியில் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மடிந்தது. ஒரே இரையில் உண்பதும் ஒன்றையொன்று நக்குவதும் இத்தகைய நோய்க்கு வழியாகின்றன. கிர் காட்டிலும் 2018இல் இந்நோய் தாக்கியது.

ஒரு சிங்கம் கொல்லப்பட்டால்

இந்த உறவுகளை அறிவது பாதுகாப்புக்கு மிக இன்றியமையாதது. ஆண் சிங்கம் ஒன்று வேட்டைக்காரரால் கொல்லப்பட்டால், இழப்பு ஓர் உயிரோடு முடிவதில்லை. கூட்டணி வலுவிழக்கிறது, வெளி ஆண்கள் நுழைகின்றன, குட்டிகள் கொல்லப்படுகின்றன. 2015 ஜூலையில் சிம்பாப்வேயின் வாங்கே தேசியப் பூங்காவுக்கு வெளியே செசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டபோது உலகம் முழுதும் எழுந்த கவலை இதுவே. செசிலின் கூட்டாளி ஜெரிக்கோ அதன் உடன்பிறப்பு அன்று. ஆயினும் ஜெரிக்கோ கூட்டத்தை விட்டு அகலவில்லை. செசிலின் குட்டிகளைக் கொல்லவும் இல்லை. எல்லாக் கூட்டங்களுக்கும் இத்தகைய துணை வாய்ப்பதில்லை.

இதனால்தான், வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளில் 5 அல்லது 6 வயதைக் கடந்த ஆண்களை மட்டுமே சுட வேண்டும் என்று பேக்கரின் குழு 2004இல் பரிந்துரைத்தது. அந்த வயதுக்குள் அந்த ஆணின் முதல் தொகுதிக் குட்டிகள் வளர்ந்துவிட்டிருக்கும். சிங்கங்களைக் காக்க அவற்றின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. எந்தச் சிங்கம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, அதன் துணை யார், அது காக்கும் குட்டிகள் எத்தனை வயதினவை என்பவற்றையும் அறிந்திருக்க வேண்டும்.