கை பார்த்த காலம், கதை கேட்கும் காலம்

1980-களில் சென்னை விளம்பர ஏஜென்சிகளுக்கு வேலை தேடிப் போன ஓவியக் கல்லூரி மாணவனைப் பஸ்ஸிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். உட்கார இடம் இருந்தாலும் உட்கார மாட்டான். கக்கத்தில் இருக்கும் அட்டை ஃபோல்டர் மடியில் அடங்காது. பக்கத்து சீட்டுக்காரர் முழங்காலில் இடிக்கும். ஓரங்களில் கறுப்பு டேப் ஒட்டி நாடா போட்டுக் கட்டிய இரண்டு கனத்த அட்டைகள், அவ்வளவுதான். ஜிப் வைத்த ரெக்சின் போர்ட்ஃபோலியோ எல்லாம் வசதி உள்ளவனுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் இன்டர்வியூ வந்துவிட்டால் அதன்மேல் பாலிதீன் உறை வேறு. போஸ்டர் கலர் தண்ணீரில் கரையும். ஒரு தூறல் போதும், படித்த படிப்பெல்லாம் நீலமும் சிவப்புமாக ஓடிவிடும்.

உள்ளே இருப்பதும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். பென்சிலில் லைஃப் ஸ்டடி, எழும்பூர் ஸ்டேஷன் வாட்டர் கலரில், ஒரு புத்தக அட்டை, ஒரு சோப்பு விளம்பரம், கையால் எழுதிய தமிழ் லெட்டரிங் இரண்டு மூன்று. ஆர்ட் டைரக்டர் அதிகம் பேச மாட்டார். ஒவ்வொரு தாளாகப் புரட்டுவார். விவரமான ஆள் என்றால் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடிப்பார். வெள்ளை பெயின்ட் பூசித் திருத்திய இடம் அப்போது மேடாகத் தெரிந்துவிடும். எழுத்தின் வளைவில் கனம் சீராகப் போகிறதா, திரும்பும் இடத்தில் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பார்.

“இது யார் வெட்டினது?”

“நான்தான் சார்.”

“பிளேடை மாத்தியிருக்கலாமே தம்பி.”

நேர்காணல் முடிந்தது. அடுத்து டெஸ்ட். ஒரு ஹெட்லைன், ஒரு பொருள் கொடுத்து, மூன்று காலம் அகலம், இருபது சென்டிமீட்டர் உயரம் உள்ள பத்திரிகை விளம்பரத்துக்கு மதியத்துக்குள் ரஃப் லேஅவுட் போடச் சொல்வார்கள். மூலையில் ஒரு டேபிள் காட்டுவார்கள். ஸ்கேலை எப்படிப் பிடிக்கிறான், தாளில் விரல் அழுக்குப் படாமல் வேலை பார்க்கிறானா என்பதையெல்லாம் ஆர்ட் ரூமில் இருப்பவர்கள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். போட்டு முடிப்பதற்குள் பாதி முடிவு ஆகியிருக்கும்.

விளம்பர ஏஜென்சி என்பதே அன்று எல்லோருக்கும் தெரிந்த வழி அல்ல. படம் வரையத் தெரிந்த பிள்ளைக்கு வீட்டில் தெரிந்த உத்தியோகம் ஒன்றே ஒன்று, டிராயிங் மாஸ்டர். அரசாங்க டிராயிங் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணினால் பள்ளிக்கூட வேலை. இல்லாவிட்டால் சினிமா பேனர், பத்திரிகை, சிவகாசி காலண்டர். நெசவாளர் சேவை மையத்தில் டிசைனர் வேலை கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். கே.எம். ஆதிமூலம் அங்கே வேலை பார்த்தவர்தான். பகலில் சேலைக்கும் துணிக்கும் டிசைன், மற்ற நேரத்தில் கோட்டோவியம், சிறுபத்திரிகைகளுக்குத் தலைப்பெழுத்து என்று ஓடியது அவர் பிழைப்பும் கலையும்.

எழும்பூர் கவின் கலைக் கல்லூரிக்கு இந்தப் பிழைப்புக் கேள்வி புதிதல்ல. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் அதைத் தொடங்கினார். கலையும் கைத்தொழிலும் சேர்ந்த பள்ளி என்றுதான் வெகுகாலம் அதற்குப் பெயர். அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியதற்குப் பின்னாலும் இதுதான் இருந்தது. பிள்ளைகள் படித்து முடித்து எங்கே போவார்கள்? பாடிக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். வேலை தருகிறவன் யாரும் இல்லை என்றால் சேர்ந்து உழைத்துச் சாப்பிடுவோம் என்ற கணக்கு.

ஏஜென்சியில் இடம் கிடைத்தவனுக்கு முதல் நாளிலிருந்து டிசைன் வேலை கொடுத்துவிட மாட்டார்கள். ரோட்ரிங் பேனா கழுவுவதுதான் தொடக்கம். மை காய்ந்து அடைத்துக்கொண்ட 0.1 நிப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, உள்ளே இருக்கும் ஊசி வளையாமல் எடுக்க வேண்டும். வளைத்தால் திட்டு விழும். பிறகு பேஸ்டப். போட்டோ டைப்செட்டிங்கில் இருந்து வரும் புரோமைட் தாளை வரி வரியாக வெட்டி, ரப்பர் சொல்யூஷன் தடவி, டி-ஸ்கொயர் வைத்து நேராக ஒட்ட வேண்டும். கடைசி நேரத்தில் கிளையன்ட் ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடிப்பார். மறுபடி டைப்செட் பண்ண நேரம் இருக்காது. வேறொரு புரோமைட்டிலிருந்து அந்த ஒற்றை எழுத்தைப் பிளேடு முனையில் கிள்ளி எடுத்து, பிழையின் மேல் உட்கார வைக்க வேண்டும். ஒரு ‘ன’வை ‘ண’வாக மாற்றிய அந்தக் கையில்தான் எழுத்துகளுக்கு இடையில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற அறிவு போய்ச் சேர்ந்தது. அதை யாரும் பாடமாக நடத்தவில்லை. சம்பளம் சொற்பம்தான், ஆனாலும் கற்றுக்கொள்ளும் காலத்துக்கு ஏஜென்சி சம்பளம் கொடுத்தது.

பொற்காலம் என்று சொல்லிவிட மாட்டேன். சிபாரிசு இல்லாமல் ஆர்ட் டைரக்டரின் கண்ணில் ஃபோல்டர் படுவதே கஷ்டம். ஆர்ட் ரூமில் பெண்களை விரல்விட்டு எண்ணலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஆர்ட்வொர்க் அனுப்பும் தொழிலில் வீட்டுப் பெண்ணைச் சேர்க்க யார் சம்மதிப்பார்கள் என்ற பேச்சை எல்லோரும் நியாயம் என்றே நினைத்தார்கள். மூத்தவர் கிழித்துப் போட்ட லேஅவுட்டைப் பொறுக்கி எடுத்து அதில் என்ன தப்பு என்று தானே யோசிப்பதைத்தான் பல இடங்களில் ‘பயிற்சி’ என்றார்கள்.

1984-ல் மேக்கின்டோஷ், 1985-ல் பேஜ்மேக்கர், 1990-ல் போட்டோஷாப் வந்தன. நம் ஊருக்கு அவை வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. வந்த பிறகு தெருவுக்குத் தெரு டி.டி.பி. சென்டர். பேஸ்டப் ஆர்ட்டிஸ்ட் என்ற வேலையே சில வருஷங்களில் காணாமல் போயிற்று. அதைப் பற்றி எழுதியவர்கள் எல்லாம் வேகம், சிக்கனம் என்று எழுதினார்கள். நுழைகிறவன் காலூன்ற இருந்த முதல் படி அதுதான் என்பதையும், அது போனால் அடுத்தவன் எங்கிருந்து ஏறுவான் என்பதையும் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

2007-ல் ஐபோன். காகிதத்தில் இருந்த தொழில் கண்ணாடிக்கு இடம் மாறியது. சென்னையிலேயே ஸோஹோ, ஃபிரெஷ்வொர்க்ஸ் போன்ற மென்பொருள் நிறுவனங்கள் வளர, ஏஜென்சியில் லேஅவுட் யோசித்த விஷுவலைஸர் போய், ஆப்பின் திரைகளை வடிவமைக்கும் யு.ஐ., யு.எக்ஸ். டிசைனர் வந்தார். 2010 ஜூலையில் ரூபாய்க்குப் புதிய குறியீடு அறிவிக்கப்பட்டது. அதை வடிவமைத்த உதயகுமார் நம் ஊர்க்காரர், மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தில் தமிழ் எழுத்துரு பற்றி ஆய்வு செய்தவர். டிசைன் படிக்கிறேன் என்று வீட்டில் அடம்பிடிக்கிற பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பெயர் கிடைத்தது.

இன்றைய மாணவிக்கு ஃபோல்டர் கிடையாது, லிங்க் உண்டு. துரைப்பாக்கத்தில் ஒரு பி.ஜி. ஹாஸ்டல், நாலு பேர் அறையில் மேல் கட்டில், மடியில் லேப்டாப். படைப்புகளைப் போட்டுக் காட்டும் பிஹான்ஸ் தளத்தில் ஒரு பக்கம், சொந்த வெப்சைட் ஒன்று, லிங்க்ட்இன்னில் ‘வேலைக்குத் தயார்’ என்ற பச்சை வளையம். வேலை முழுக்க ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில். அது 2016-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது; பிரவுசரிலேயே பத்துப் பேர் ஒரே ஃபைலில் வேலை பார்க்கலாம். அகமதாபாத் என்.ஐ.டி., தரமணி நிஃப்ட் போன்ற டிசைன் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கேம்பஸ் இன்டர்வியூ உண்டு. மற்றவர்கள் தாங்களே விண்ணப்பித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

லிங்க்கில் படம் மட்டும் போட்டால் போதாது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை வேண்டும். கேஸ் ஸ்டடி என்பார்கள். பிரச்சினை என்ன, யாரிடம் பேசினாய், என்ன கண்டுபிடித்தாய், எதைத் தூக்கிப் போட்டாய், ஏன் இந்தத் தீர்வு என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். யோசனை நல்லதுதான். ஆனால் அண்மைக் காலமாகக் கல்லூரிகள் நடத்தும் மாதிரி நேர்காணல்களில் உட்காரும்போது எனக்கு ஒரே கேஸ் ஸ்டடியைப் பல பெயர்களில் பார்ப்பது போலிருக்கிறது. உணவு டெலிவரி ஆப்பின் புது வடிவம். அதில் 28 வயது ஐ.டி. ஊழியர் ஒருவர், பெங்களூரு, சமைக்க நேரமில்லை. பிரிட்டனின் டிசைன் கவுன்சில் 2000-களின் நடுவே பிரபலமாக்கிய, வேலையின் படிகளை இரண்டு வைர வடிவங்களாகக் காட்டும் ‘இரட்டை வைரப்’ படம் கட்டாயம் இருக்கும். சுவரில் மஞ்சள் ஸ்டிக்கி நோட் ஒட்டிய போட்டோவும் இருக்கும். தேர்வாளர்களுக்கு இது அலுத்துப் போய்விட்டது. அதனால் எதிர்பாராத இடத்தில் கை வைக்கிறார்கள்.

“இந்தச் சாம்பல் எழுத்து வெள்ளைமேல இருக்கே, கான்ட்ராஸ்ட் என்ன?”

ஒரு மாதிரி நேர்காணலில் இப்படிக் கேட்டதும் எதிரே இருந்த பெண் விழித்தாள். சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்பது உலகம் முழுக்கப் பின்பற்றும் விதி. அவளுடையது அதற்கு வெகு கீழே. ஆனால் அடுத்த கேள்வியில் மீண்டுகொண்டாள். பட்டனை ஏன் இவ்வளவு பெரிதாக வைத்தாய் என்றார்கள். அவள் ஊர் செய்யாறு பக்கம். “எங்க அம்மா பூக்கட்டுறவங்க சார். நாரைப் பிடிச்சுப் பிடிச்சு விரல் காய்ச்சுப் போயிருக்கு. சின்ன பட்டனைத் தொட்டா போன் கேக்கவே மாட்டேங்குது. அதான்.” இது அவள் கேஸ் ஸ்டடியில் எங்குமே இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். “அதையெல்லாம் போடலாமா சார்?” என்றாள். பெங்களூரு ஐ.டி. ஊழியருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள்.

கதை சொல்லும் நேர்காணலில் அன்றில்லாத ஒரு சல்லடை இருக்கிறது. பழைய ஏஜென்சியில் இங்கிலீஷ் கிளையன்ட் சர்வீசிங்கோடு நின்றுவிடும். ஆர்ட் ரூம் பெரும்பாலும் தமிழ்தான். கை பேசினால் போதும், வாய் திக்கினாலும் வேலை கிடைக்கும். இன்று தன் முடிவுகளை அரை மணி நேரம் ஸ்கிரீன் ஷேர் பண்ணி இங்கிலீஷில் நியாயப்படுத்த வேண்டும். கும்பகோணத்திலோ எழும்பூரிலோ கவின் கலை படித்து, நிஜமாகவே கோடு போடத் தெரிந்த பிள்ளைகள் பலர் இங்கேதான் விழுகிறார்கள். நான் சொல்கிற யோசனை, கேஸ் ஸ்டடியை முதலில் தமிழில் ஒரு தோழிக்கு வாய்ஸ் மெசேஜாகச் சொல்லிப் பார் என்பது. அதில் வரும் வரிசைதான் சரியான வரிசை. பிறகு இங்கிலீஷ் பண்ணிக்கொள்ளலாம். நேராக இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் யாரோ எழுதிய டெம்ப்ளேட்டுக்குள் போய் விழுந்துவிடுகிறார்கள்.

அன்று அரை நாளில் முடிந்த டெஸ்ட், இன்று வீட்டு வேலையாக வருகிறது. ‘அசைன்மென்ட்’. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில் வரும். செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு முழு ஆப்பின் ஓட்டத்தை வடிவமைத்து, காரணங்களோடு அனுப்ப வேண்டும். காசு கிடையாது. பல சமயம் பதிலும் கிடையாது. ஃபிரெஷர் தேவை என்று போட்டுக் கீழேயே இரண்டு வருட அனுபவம் என்று கேட்கும் விளம்பரங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடப் பிள்ளைகளுக்குத் தெம்பில்லை. அந்த இரண்டு வருடத்தை எங்கே சம்பாதிப்பது? சம்பளமில்லா இன்டர்ன்ஷிப், காசு கட்டிப் படிக்கும் ஆன்லைன் கோர்ஸ், உறவுக்காரர் கடைக்கு ஓசியில் லோகோ. பேனா கழுவிய காலத்தை ஏஜென்சி தன் கணக்கில் எழுதியது. இன்று அந்தச் செலவு மாணவியின் அப்பா கணக்கில். சேரும்போதே முழுசாகத் தேறியவள் வேண்டும் என்கிறார்கள்.

அசைன்மென்டுக்கும் ஆயுசு கொஞ்சம்தான் போலிருக்கிறது. 2022-ல் படம் போட்டுத் தரும் மிட்ஜர்னியும் எழுதித் தரும் சாட்ஜிபிடியும் வந்தபின், வீட்டிலிருந்து வரும் எதையும் யார் செய்தது என்று சொல்ல முடியவில்லை. கதையும் வழுவழுப்பாகிவிட்டது. எல்லா விண்ணப்பத்திலும் ஒரே ஆள் எழுதிய இங்கிலீஷ். ஆகவே சில இடங்களில் நேரில் வரச் சொல்கிறார்கள். ஒயிட்போர்டு, மார்க்கர், நாற்பது நிமிடம். பஸ் டிக்கெட் எடுக்கும் திரையைப் பார்வை குறைந்தவருக்கு எப்படி மாற்றுவாய், வரைந்துகொண்டே பேசு. அவள் மார்க்கரைப் பிடிக்கும் விதத்தை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கவனிக்கிறார்கள். ஆர்ட் ரூம்காரர்கள் செய்ததுதான். ஆனால் இப்போது கை ஓடினால் மட்டும் போதாது, வாயும் கூடவே ஓட வேண்டும்.

நேர்காணலின் முடிவில், எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். வீட்டிலிருந்து வேலை உண்டா என்றுதான் பெரும்பாலும் கேட்பது. செய்யாற்றுப் பெண், மாதிரி நேர்காணலைத் தாண்டி நிஜமான ஒன்றுக்குப் போனாள். கேட்டதை என்னிடம் போனில் சொன்னாள்.

“இங்க என் வேலையைப் பாத்து யாரு திருத்துவாங்க மேடம்னு கேட்டேன் சார்.”

“என்ன சொன்னாங்க?”

“வாரம் ஒரு ரிவ்யூ இருக்குன்னாங்க. யாரு பண்ணுவாங்கன்னேன். டீமே பண்ணும்னாங்க. டீம்ல எத்தனை டிசைனர்ன்னேன். நீங்கதான் முதல் டிசைனர்னாங்க.”

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. மூத்த டிசைனர் தேவை என்று அதே நிறுவனம் அடுத்த மாதம் விளம்பரம் போட்டிருந்தது. அந்த விளம்பரத்தை வடிவமைத்தது தான்தான் என்று லிங்க் அனுப்பியிருந்தாள். கான்ட்ராஸ்ட் சரியாக இருந்தது.