மறைத்து வைப்பதா, சொல்ல விடுவதா?

அக்குறணையிலும் மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் சீனி வருத்தம், பிரஷர் என்றால் ஊரெல்லாம் சொல்கிறோம். மகளுக்கு மனம் சரியில்லை என்றால் மட்டும் கதவைச் சாத்திவிடுகிறோம். "தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராதே" என்ற பயம்! பேராதனை ஆஸ்பத்திரியின் மனநோய்க் கிளினிக்குக்குப் போவதைக்கூட வயிற்று வலி என்று சொல்லி மறைக்கிறோம்.

இந்தக் கதவைத் தன் கையாலேயே திறந்த ஒரு பெண்ணைப் பற்றிக் கேளுங்கள். இந்தியாவின் பூனே நகரைச் சேர்ந்த ரேஷ்மா வள்ளியப்பன். 22 வயதில் அவருக்கு மனச்சிதைவு நோய் என்று டாக்டர்கள் கூறினர். யாரும் பேசாமலே குரல்கள் கேட்கும் நோய் அது. அவர் தூரிகையை எடுத்தார். உள்ளே நடப்பதை ஓவியமாக்கினார். 2011ல் அவர் வாழ்வைப் பற்றி அபர்ணா சன்யால் எடுத்த விவரணப் படம் தேசிய விருது பெற்றது. 2015ல் தம் கதையைத் தாமே நூலாக எழுதினார். துண்டில் டாக்டர் எழுதுவது நோயின் பெயரை மட்டுமே. அந்தக் குரல்களோடு ஒரு பகலைக் கடத்துவது எப்படி என்பதை, கடத்தியவள்தானே சொல்ல முடியும்?

ஒன்று சொல்லியாக வேண்டும். மருந்தில்லாமல் வாழ்ந்தது அவருடைய வழி. டாக்டரைக் கேளாமல் நாம் மருந்தை நிறுத்தினால் நோய் கடுமையாகத் திரும்பலாம்.

சொந்த வேதனையை எழுதி வைப்பது நமக்குப் புதிதா என்ன? 1095ல் பக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவில் பாடம் நடத்திய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்குப் பேச நா எழவில்லை, உணவும் இறங்கவில்லை. இது உள்ளத்திலிருந்து வந்தது என்று வைத்தியர்கள் கைவிரித்தனர். வருடங்கள் கழித்து 'அல்முன்கித்' நூலில் இமாமவர்கள் இதை மறைக்காமல் எழுதினார்கள். அதற்கு இன்றைய நோயொன்றின் பெயரைச் சூட்டுவது நம் வேலையல்ல. அவ்வளவு பெரிய ஆலிம் அதைச் சொல்ல வெட்கப்படவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆகவே உம்மாமாரே, ஓதிப் பார்ப்பதோடு கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள். தேறி வரும் பிள்ளைக்கு ஒரு கொப்பியோ வர்ணப் பெட்டியோ தையலோ, அவள் கைக்கு எது வருமோ அதைக் கொடுங்கள். அவள் எழுதியதை அவள் சம்மதமில்லாமல் வாசிக்காதீர்கள், மாமிமாருக்குக் காட்டாதீர்கள். வெளியே சொல்வதா, எப்போது, யாரிடம் என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.

உயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டம் இலங்கையில் 1998ல் நீக்கப்பட்டுவிட்டது. எனவே பொலிஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.