பச்சை மேசை (நடன நாடகம்)

பச்சை மேசை என்பது ஜெர்மானிய நடன அமைப்பாளர் குர்ட் யோஸ் (1901–1979) உருவாக்கிய நடன நாடகம். போரைப் பற்றியது, அதைவிட, போரைத் தொடங்கி வைப்பவர்களைப் பற்றியது. 1932 ஜூலை 3 அன்று பாரிஸில் ஷான்ஸ் எலிசே அரங்கில் நடந்த பன்னாட்டு நடனப் போட்டியில் யோஸின் குழு இதை முதன்முதலாக ஆடியது. முதல் பரிசான 25,000 பிராங்க் இதற்கே கிடைத்தது. மொத்தம் எட்டுக் காட்சிகள், சுமார் 35 நிமிடம். இரண்டு பியானோக்களே இசை. இசையமைத்தவர் குழுவின் பியானோ கலைஞர் ஃபிரிட்ஸ் கோஹன். மேடையில் ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை.

அரசியல் நடனம் என்றதும் முழக்கங்களையும் கட்சிக் கொடிகளையும் எதிர்பார்க்கும் மாணவர்களுக்கு இந்தப் படைப்பு வியப்பளிக்கும். எந்த நாட்டின் பெயரும் எந்தத் தலைவரின் சாயலும் இதில் இல்லை. எதிரி யார் என்றும் காட்டப்படுவதில்லை. ஆனாலும் இதை அரசியல் படைப்பு அல்ல என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஐரோப்பாவில் மாநாட்டு மேசைகளின் மீது பச்சைத் துணி விரிப்பது வழக்கம். களத்தில் நடப்பது தெரியாமல் அறைக்குள் உட்கார்ந்து எடுக்கும் முடிவை, பச்சை மேசையில் எடுத்த முடிவு என்று ஜெர்மன் மொழியில் சொல்வார்கள். இந்த நாடகம் அரங்கேறிய அதே 1932இல், பிப்ரவரி மாதம், ஜெனீவாவில் உலக ஆயுதக் குறைப்பு மாநாடு தொடங்கியிருந்தது. பாரிஸில் பார்த்தவர்களுக்கு மேடையில் இருந்த மேசை எது என்று விளக்கத் தேவை இருந்திருக்காது.

திரை விலகும்போது நீண்ட பச்சை மேசை. அதன் இருபுறமும் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் அணிந்த பத்து கனவான்கள். எல்லோர் முகத்திலும் முகமூடி. பின்னணியில் ஒலிப்பது டாங்கோ இசை. குனிந்து வணங்குகிறார்கள், விரல் நீட்டி வாதிடுகிறார்கள், மேசையைத் தட்டுகிறார்கள், கோபத்தில் பாய்கிறார்கள், உடனே மரியாதைக்குத் திரும்புகிறார்கள். பார்வையாளர்கள் சிரிக்கும் காட்சி இது. கடைசியில் அவர்கள் வரிசையாக நின்று கைத்துப்பாக்கியை எடுத்து வானத்தை நோக்கிச் சுடுகிறார்கள். விளக்கு அணைகிறது. மீண்டும் வெளிச்சம் வரும்போது மேடையில் இருப்பது மரணம்.

மரணம் இங்கே ஒரு பாத்திரம். நம் எமனைப் போலப் பாசக்கயிறும் எருமையும் இல்லை. எலும்புக்கூட்டையும் பழைய ரோமானியப் போர்த் தெய்வத்தையும் கலந்த உருவம்: விலா எலும்பு தெரியும் மார்பு, தலைக்கவசம், கனத்த காலணி. ஒரே இடத்தில் நின்று, இயந்திரம் போலத் தாளம் தவறாமல் காலை உதைத்து ஆடுவான். முதல் காட்சிகளில் யோஸே இந்தப் பாத்திரத்தை ஆடினார்.

இதற்கு மூலம் ஐரோப்பாவின் பழைய ஓவிய மரபு ஒன்று. கொள்ளைநோய்க் காலத்துக்குப் பின், அரசன், துறவி, வணிகன், குழந்தை என எல்லோரையும் மரணம் கைபிடித்து ஆட அழைப்பதாகத் தேவாலயச் சுவர்களில் வரைந்தார்கள். 'மரண நடனம்' என்று அதற்குப் பெயர். லூபெக் நகரின் மரியா தேவாலயத்தில் இருந்த அத்தகைய ஓவியமே யோஸுக்குத் தூண்டுகோல். அந்த ஓவியம் 1942இல் விமானக் குண்டுவீச்சில் அழிந்துபோனது.

அடுத்து வரும் காட்சிகளில் வீரர்கள் விடைபெற்றுப் போகிறார்கள், போரிட்டு விழுகிறார்கள். ஒரு பெண் ஒரு வீரனைக் கொல்கிறாள், அவளைச் சுட்டுக் கொல்கிறார்கள். அகதிகள் நடந்து போகிறார்கள். ஒரு இளம்பெண் விலைமாதர் விடுதிக்குத் தள்ளப்படுகிறாள். மரணம் எல்லோரையும் கொண்டுபோகிறது, ஆனால் ஒரே விதமாக அல்ல. போர்வீரனை முரட்டுத்தனமாகப் பிடிக்கும் அதே மரணம், அகதிகளில் ஒருத்தியான வயதான தாயை மென்மையாக அழைத்துச் செல்கிறது. அவளும் களைப்பு நீங்கியவள்போல அதனோடு போகிறாள். விடுதியில் இருக்கும் பெண்ணிடம் காதலனைப் போல வருகிறது. என் பார்வையில் நாடகத்தின் உயிர் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. செய்தித்தாளில் ஒரே எண்ணாகிவிடும் சாவுகள் இங்கே ஒவ்வொன்றும் தனித்தனி ஆளுடையதாகின்றன.

இவர்களுக்கு நடுவே ஒருவன் நழுவி நழுவித் திரிகிறான். தொப்பியும் கையுறையும் அணிந்த போர் இலாபக்காரன். களத்தில் செத்துக் கிடப்பவனின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றுபவன் அவன்தான்.

கடைசிக் காட்சியில் மறுபடி துப்பாக்கி வெடிக்கிறது. அதே மேசை, அதே பத்துப் பேர், அதே டாங்கோ. ஒருவர்கூடக் குறையவில்லை. நாடகம் முழுவதிலும் மரணம் இவர்களைத் தொடவே இல்லை. முதலில் சிரித்த அதே அசைவுகளை இப்போது பார்க்கும்போது சிரிப்பு வருவதில்லை.

யோஸ் அந்நாளில் பெர்லினிலிருந்து வந்த 'டி வெல்ட்பூனே' என்ற வார இதழின் வாசகர். குர்ட் டுகோல்ஸ்கியும் கார்ல் ஃபோன் ஒசியட்ஸ்கியும் அதில் இராணுவவாதத்தைக் கண்டித்து எழுதிவந்தார்கள். டுகோல்ஸ்கி 1935இல் சுவீடனில் அகதியாக இறந்தார். ஒசியட்ஸ்கி வதைமுகாமில் அடைக்கப்பட்டு, 1935ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு பெற்று, 1938இல் காவலில் இருந்தபடியே இறந்தார்.

யோஸுக்கும் சோதனை விரைவில் வந்தது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், குழுவிலிருக்கும் யூதர்களை நீக்கும்படி வற்புறுத்தப்பட்டார். இசையமைப்பாளர் கோஹன் யூதர். யோஸ் மறுத்தார். அந்த ஆண்டே எஸ்ஸன் நகரில் தாம் வளர்த்த பள்ளியை விட்டு, குழுவோடு நெதர்லாந்துக்குத் தப்பிச் சென்றார். 1934இல் இங்கிலாந்தின் டார்டிங்டன் ஹாலில் லியோனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், டோரதி தம்பதியர் இடம் கொடுத்தனர். (இந்த எல்ம்ஹர்ஸ்ட்தான் முன்பு தாகூருக்குத் துணையாகச் சாந்திநிகேதன் அருகே ஸ்ரீநிகேதன் கிராமச் சீரமைப்புப் பணியைத் தொடங்கியவர்.) ஆனால் போர் வந்ததும் அதே இங்கிலாந்து யோஸை எதிரி நாட்டவர் என்று 1940இல் சில மாதங்கள் தடுப்புக்காவலில் வைத்தது! 1949இல்தான் அவர் எஸ்ஸனுக்குத் திரும்பினார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பீனா பௌஷ் அங்கே அவரிடம் பயின்றவர்.

வீடியோ இல்லாத காலத்து நடனம் இன்றுவரை எப்படி மாறாமல் வந்தது? யோஸின் ஆசிரியர் ருடால்ஃப் லாபான் 1928இல் அசைவுகளை எழுதும் குறியீட்டு முறை ஒன்றை வெளியிட்டார். இசைக் குறிப்பு இடமிருந்து வலமாகப் போகும். இது கீழிருந்து மேலாகப் போகும். நடுக்கோடு உடலின் மையம். அதன் இருபுறமும் இடது, வலது உறுப்புகள். குறியின் வடிவம் திசையையும், அதனுள் இருக்கும் நிழல் உயரத்தையும், நீளம் எவ்வளவு நேரம் என்பதையும் காட்டும். டார்டிங்டனில் மாணவியாக இருந்த ஆன் ஹட்சின்சன் பச்சை மேசையை இந்த முறையில் எழுதி வைத்தார். பின்னாளில் யோஸின் மகள் ஆனா மார்கார்ட் பல நாடுகளின் குழுக்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்.

அமெரிக்காவின் ஜோஃப்ரி பாலே குழு 1967இல், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது இதை மேடையேற்றியது. முதல் குழுவில் கொடி ஏந்தும் வீரனாக ஆடிய எர்ன்ஸ்ட் ஊத்தோஃப் சிலி நாட்டில் தங்கி அங்கே தேசிய பாலே குழுவை வளர்த்தார். அங்கும் பச்சை மேசை ஆடப்பட்டது.

யோஸ் தம் படைப்பை அரசியல் பிரசாரம் என்று ஏற்றுக்கொண்டதில்லை. இதைப் பார்க்க மக்களை அனுப்புவதால் எந்தப் போரும் நிற்காது, சுருங்கவும் செய்யாது என்பதே முதுமையில் அவர் சொன்ன கருத்து. 1932 ஜூலையில் பாரிஸில் கைதட்டியவர்களுக்கு அடுத்த போர் ஏழே ஆண்டு தொலைவில் இருந்தது.