எட்டயபுரத்துப் பிடில்

குருவிகுளத்திலிருந்து கிழக்கே போய்க் கோவில்பட்டியைத் தாண்டினால் எட்டயபுரம். பிடிலைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த முன்னோடி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) அவ்வூர் ஜமீனின் ஆஸ்தான வித்வான். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி. சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் கற்றார். அதே காலத்தவரான தஞ்சை வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் தந்தப் பிடிலே பரிசளித்தார்.

பழைய பிடிலின் அழகு முன்பக்கத்தைவிட முதுகில்தான். மேப்பிள் மரத்தில் புலிவரி போல ரேகைகள். சற்றே சாய்த்தால் வரிகள் இடம் மாறும். மேல்பலகை ஸ்ப்ரூஸ். இத்தாலியின் கிரெமோனாவில் மேதை ஸ்ட்ராடிவாரி (மறைவு 1737) இழைத்ததும் இவ்விரு மரங்களைத்தான். உள்ளே அவர் பெயர்ச்சீட்டு தெரிந்தால் உடனே நம்ப வேண்டாம். ஐரோப்பியத் தொழிற்கூடங்கள் பிற்காலத்தில் அதை ஏராளமாக ஒட்டின.

கர்நாடக இசை வாசித்த பிடிலுக்கு நம்பத்தக்க அடையாளம், அதன் தலையிலுள்ள சுருள்முனை. மேலைநாட்டில் அது அந்தரத்தில் நிற்கும். நம்மவர் சம்மணமிட்டு, அதை வலது கணுக்காலில் ஊன்றி வாசிப்பார்கள். நாளடைவில் அங்கே வார்னிஷ் தேயும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு பிடில் கிடந்தால், தயவுசெய்து புதுப் பூச்சு அடித்துவிடாதீர்கள்.