ஏற்றியாயிற்று, படித்தாயிற்றா?

சில ஆண்டுகளுக்கு முன், பாஸ்குத் திருநாள் கழிந்து, திருமண ஓலைகள் வாசிக்கும் பருவம் தொடங்கிய வேளை. உசிலம்பட்டிச் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு எமது பங்கு அலுவலகத்திற்கு வந்தார். முன்னர் எம் பங்கில் குடியிருந்து, பிழைப்பிற்காக இடம் பெயர்ந்த குடும்பம். மகளுக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. அவள் திருமுழுக்குப் பெற்றது எம் ஆலயத்தில். ஆகவே இங்கிருந்து சான்றிதழ் சென்றால்தான் இப்போதைய பங்கில் ஓலை வாசிக்க இயலும்.

பதிவேட்டை எடுத்துப் பிரித்தேன். அந்த ஆண்டிற்குரிய பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. ஆயினும் நான் கலங்கவில்லை. எனக்கு முன்னிருந்த பங்குத்தந்தை, நம் இளைஞர்களைக் கொண்டு, ஏடுகள் நன்றாக இருந்த காலத்திலேயே அவற்றைக் கணிப்பொறியில் தட்டெழுதி வைத்திருந்தார். மூன்று வாரங்களுக்கு முன்புதான் பழைய கணிப்பொறியை மாற்றிப் புதியது வாங்கியிருந்தோம். “ஃபாதர், எல்லாத்தையும் புதுசுல ஏத்தியாச்சு, ஒண்ணுகூட விடல” என்று கடைத் தம்பி உறுதி கூறியிருந்தார்.

கோப்பு இருந்தது, திறந்தது. ஆனால் தமிழ் இல்லை! பெயர் இருக்க வேண்டிய இடங்களிலெல்லாம் ஆங்கில எழுத்துகளும், அரைப்புள்ளிகளும், அடைப்புக் குறிகளும் பொருளின்றிக் கலந்து கிடந்தன. அந்தத் தாய் திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “தண்ணி ஊத்துன அன்னைக்கு இவ அப்பாதான் சாமி தூக்கிக்கிட்டு நின்னாரு. அது எழுதாமயா போயிருக்கும்?” என்றார். தந்தை இறந்து ஒன்பது ஆண்டுகள். ஞானத் தாயும் இறந்துவிட்டார்.

ஐயத்திற்கிடமற்ற ஒரு சாட்சியின் வாக்குமூலத்தைக் கொண்டே திருமுழுக்கை மெய்ப்பிக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. தாயின் வாக்கே போதுமானது. எனவே திருமணம் நின்றுவிடும் என்ற அச்சம் இல்லை. எனினும் அவர் கேட்டது அதுவன்று. தம் கணவரின் பெயரும் மகளின் பெயரும் ஒரே வரியில் எழுதப்பட்ட அந்த ஒரு நாளைக் கேட்டார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. கடைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சித்திரைத் திருவிழாவிற்காகக் கடை அடைத்திருந்தது. பின்னர் நிகழ்ந்ததை இறுதியில் சொல்கிறேன்.

எண் வந்தது, எழுத்து வரவில்லை

உண்மையில் கடைத் தம்பி பொய் சொல்லவில்லை. கோப்புகள் அனைத்தும் வந்துதான் இருந்தன. பின் குறை எங்கே?

கணிப்பொறி எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாக வைத்துக்கொள்கிறது. முற்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களையே கடன் வாங்கிக்கொண்டு, திரையில் மட்டும் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டின. பாமினி என்னும் எழுத்துரு பலரும் அறிந்தது. அதில் ‘அம்மா’ என்று தட்டெழுதினால், உள்ளே பதிவாவது ‘எம்’, ‘கே’, அரைப்புள்ளி, ‘கே’, ‘எச்’ என்ற ஆங்கிலக் குறிகளின் எண்களே. பாமினி இருக்கும் கணிப்பொறியில் அவை ‘அம்மா’ என்று தெரியும். இல்லாத கணிப்பொறியில் வெறும் குறிகளாகவே நிற்கும். எங்கள் கோப்பும் அத்தகைய பழைய எழுத்துரு ஒன்றில் அமைந்தது. கோப்பு இடம் மாறியது. எழுத்துரு பழைய கணிப்பொறியிலேயே தங்கிவிட்டது. பூட்டிய பெட்டி வந்து சேர்ந்தது, சாவி வரவில்லை.

இக்குறையை நீக்க வந்ததே யூனிகோடு எனும் ஒருங்குறி. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அதில் ‘அ’ என்ற எழுத்துக்கு 2949 என்பது எண். அந்த எண் வேறெந்த மொழியின் எழுத்துக்கும் இல்லை. எனவே மதுரையில் தட்டெழுதியதை மலேசியாவிலும் தமிழாகவே படிக்கலாம். தமிழக அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு முன் தட்டெழுதப்பட்ட கல்யாணப் பத்திரிகைகள், சங்கக் கணக்குகள், குடும்ப வரலாறுகள், பங்கு ஏடுகள் எத்தனையோ இன்றும் பழைய எழுத்துருக்களிலேயே கிடக்கின்றன.

ஓலை கற்பித்த பாடம்

தமிழருக்கு இது புதிய சோதனை அன்று. ஓலைச் சுவடி சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவதில்லை. நைந்துபோகுமுன் புதிய ஓலையில் பெயர்த்து எழுதினால் நூல் வாழும், இல்லையேல் மாளும். பெயர்த்து எழுதுவதிலும் ஓர் இடர் இருந்தது. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது வழக்கமில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் தெளிவான வேறுபாடு இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் நம் வீரமாமுனிவர் அவ்வேறுபாட்டை எழுத்து வடிவிலேயே காட்டியது இக்குழப்பத்தைத் தீர்க்கத்தான். கண்ணால் கண்டதைக் கையால் கீறியவர் வரிவடிவத்தை மட்டுமே கடத்தினார். வாயால் படித்துப் பொருள் உணர்ந்து எழுதியவரே நூலைக் கடத்தினார். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாத ஐயர், ஒரு சுவடியோடு நின்றுவிடாமல் பல சுவடிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படித்ததும் இதன் பொருட்டே.

நம் காலத்திலும் அப்பணி தொடர்கிறது, அதுவும் நம் மாநகரின் பெயரால். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்து நாட்டில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று ‘மதுரைத் திட்டம்’ என்ற முயற்சியைத் தொடங்கினார். பல நாடுகளில் வாழும் தமிழர்கள், ஊதியம் ஏதுமின்றி, பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி எல்லோருக்கும் இலவசமாக அளித்து வருகின்றனர். அவர்களும் தொடக்கத்தில் அக்காலத்து எழுத்துருக்களிலும் குறியீடுகளிலுமே நூல்களை அமைத்தனர். ஒருங்குறி பரவியதும் நூல்களை அதற்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஒருமுறை தட்டெழுதியதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் அமர்ந்திருந்தால், அந்நூல்களும் எம் பதிவேட்டைப் போல் குறிக்குவியலாகவே நின்றிருக்கும்.

திருச்சபையும் பதிவேடுகளைப் பேணுவதில் நெடுங்காலமாகக் கண்டிப்பு உடையது. ஞானப் பெற்றோரின் பெயர்களையும், மணமக்கள், சாட்சிகளின் பெயர்களையும் ஏட்டில் எழுதி வைக்குமாறு திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் பங்குக் குருக்களுக்குக் கட்டளையிட்டது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் சட்டம், பழைய ஏடுகளையும் கவனத்தோடு காக்கச் சொல்கிறது. கரையானை நான் தடுத்திருக்க வேண்டும். அது என் தவறு. புதிய கணிப்பொறி வந்த அன்றே அந்தக் கோப்பைத் திறந்து ஒரு வரியேனும் படித்திருக்க வேண்டும். அது அதனினும் எளிய தவறு.

இல்லத்தில் செய்யத் தக்கவை

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 மென்பொருளுக்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. ஆகையால் நம் இல்லங்கள் பலவற்றில் பழைய கணிப்பொறியை மாற்றும் பேச்சு எழுந்திருக்கும். மாற்றுவோர் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்வது நலம்.

முதலாவது, வீடு மாறுகிறவர் பரணையும் பார்ப்பதுபோல், எங்கெங்கே என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கோப்புறைகளில் இருப்பவை மட்டுமல்ல. திரையின் முகப்பில் போட்டு வைத்தவை, பதிவிறக்கம் செய்தவை, மின்னஞ்சல்கள், கடைக் கணக்கு, இணைய உலாவி நினைவில் வைத்திருக்கும் கடவுச்சொற்கள் ஆகியவையும் உண்டு. நிறுவியுள்ள தமிழ் எழுத்துருக்களையும் பட்டியலில் சேருங்கள்.

இரண்டாவது, வெட்டி ஒட்டாதீர்கள், படியெடுங்கள். வெட்டி ஒட்டும்போது நடுவில் மின்சாரம் நின்றால், எது வந்தது, எது வரவில்லை என்ற குழப்பம் மிஞ்சும். படியெடுத்தால் மூலம் அப்படியே இருக்கும். பழைய வகை யூ.எஸ்.பி. இணைப்பில் 100 ஜி.பி. அளவைப் படியெடுக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் அவசரம் கூடாது.

மூன்றாவது, புதிய கணிப்பொறியில் ஒரு படி, தனியான ஹார்டு டிஸ்க்கில் மற்றொரு படி என இரண்டு வேண்டும். பென் டிரைவ் ஏற்றிச் செல்லும் வண்டியே அன்றி, ஆண்டுக்கணக்கில் சேமிக்கும் களஞ்சியம் அன்று.

நான்காவது, பழைய தமிழ்க் கோப்புகளைப் பழைய கணிப்பொறி இயங்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றுங்கள். அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். மாற்றிகள் சில வேளைகளில் கொம்பையும் காலையும் தவறாக வைத்துவிடும். முக்கியமானவற்றைப் பி.டி.எஃப். வடிவிலும், இயன்றால் தாளில் அச்சிட்டும் வையுங்கள்.

ஐந்தாவதே தலையாயது. இரு கணிப்பொறிகளிலும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு கோப்புறையிலும் சிலவற்றைத் திறந்து, வீட்டார் கூடி அமர்ந்து படியுங்கள். தாத்தாவின் நிழற்படத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளையின் முதல் நன்மை விழா ஒளிப்படம் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஆறாவது, பழையதை உடனே கைவிடாதீர்கள். மூன்று மாதமேனும் ஒரு மூலையில் இருக்கட்டும். கொடுக்கும்போது முழுவதும் துடைத்த பின்னரே கொடுங்கள். சுழலும் தகடுள்ள பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு கோப்பை நீக்கினால், பொருளடக்கத்திலிருந்து அதன் பெயர் போகிறதே அன்றி, பக்கம் அங்கேயே கிடக்கும். தேடத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். ஆகவே வட்டு முழுவதிலும் வேறொன்றை மேலெழுதித் துடைக்கும் மென்பொருளைப் பயன்படுத்துமாறு விவரம் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள்.

அந்த வரி

இனி அந்தத் தாயின் கதைக்கு வருவோம். அழகர் மலைக்குத் திரும்பிய மறுநாள் கடை திறந்தது. காலையிலேயே சென்று நின்றேன். எங்கள் பழைய கணிப்பொறி பரண்மேல் தூசி படிந்து கிடந்தது. திருவிழா நெருக்கடியில் அதைத் துடைக்கவும் விற்கவும் அவர்களுக்கு நேரம் வாய்க்கவில்லை. அது எங்கள் நற்பேறு. ஆனால் பங்கு மக்கள் அனைவரின் விவரங்களும் மூன்று வாரத்திற்கு மேல் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும் நிலையில் அங்கே கிடந்தன என்பதை எண்ணியபோது என் முகம் சிவந்தது. அதற்குப் பொறுப்பு கொடுத்த நானே அன்றி, வாங்கியவர் அல்லர்.

எழுத்துருவைப் படியெடுத்துப் புதியதில் நிறுவினோம். குறிகள் மறைந்து தமிழ் தோன்றியது. தாய்க்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாளே வந்தார். குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், நாள், குருவின் பெயர் என்று அந்த வரியை நான் உரக்கப் படித்தேன். தந்தையின் பெயர் வந்த இடத்தில் “இன்னொரு தடவை படிங்க சாமி” என்றார். மீண்டும் படித்தேன். மகள் தாயின் கையைப் பற்றிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவர்களுடைய பங்கில் ஓலை வாசிக்கப்பட்டது. தாளில் எழுதி வாசித்தாலும் நாம் அதை இன்னமும் ஓலை என்றே அழைக்கிறோம். எழுதப்படும் பொருள் மாறிக்கொண்டே இருக்கும். பெயரைப் படிக்கும் வாய் ஒன்று இருக்குமட்டும் அப்பெயர் வாழும்.

அதன்பின் ஆண்டுதோறும் சகல ஆன்மாக்கள் திருநாளை அடுத்த ஒரு மாலையில், எம் இளைஞர்களோடு அமர்ந்து பழைய கோப்புகளைத் திறந்து படித்து வருகிறோம். உங்கள் இல்லத்திலும் அதற்கென ஒரு மாலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றியாயிற்று என்று யாரேனும் சொன்னால், படித்தாயிற்றா என்று கேளுங்கள்.