களத்துமேட்டில் டீசல் சேமித்தல்

அவனியாபுரம் சுற்றுப்புறத்து நிலக்காரர் பலர் டிராக்டருக்கும் இறைவை இயந்திரத்திற்கும் வேண்டிய டீசலைப் பீப்பாய்களில் சேமித்து வைக்கின்றனர். 1934-ம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டப்படி, ஓரிடத்தில் 2,500 லிட்டருக்கு மேற்படாமலும், எப்பாத்திரமும் 1,000 லிட்டர் கொள்ளளவுக்கு மேற்படாமலும் இருப்பின் டீசலுக்கு லைசென்ஸ் வேண்டுவதில்லை. பெட்ரோலுக்கோ, விற்பனைக்கன்றிச் சொந்த உபயோகத்திற்கு 30 லிட்டரே வரம்பு. சாதாரண உஷ்ணத்திலேயே அதனின்று தீப்பற்றும் ஆவி எழுதலே காரணம். மருந்து தெளிக்கும் கருவி வைத்திருப்போர் இதைக் கவனிக்க.

பீப்பாயை வைக்கோற்போரருகே நிறுத்துதல் கூடாது. அங்ஙனம் நிறுத்தியிருக்கப் பலகாலும் கண்டிருக்கிறேன். தரைமேல் தொட்டியெனின், கசிவைத் தாங்கச் சுற்றிலும் சிமெண்டு வரம்பு கட்டுக. கசிந்த எண்ணெய் கிணற்றையடையின் அந்நீர் குடிக்க உதவாது.

மத்திய சர்க்காரின் வெடிபொருள் இலாகா அதிகாரிகள் களந்தோறும் வருதல் இயலாது. ஆதலின், 2011-ல் அவனியாபுரத்தைத் தன்னுட் சேர்த்துக்கொண்ட மதுரை மாநகராட்சியும், அண்டை ஊராட்சிகளும், இத்தொட்டிகளைப் பார்வையிடத் தம் வருவாயில் சிறு தொகை ஒதுக்குதல் தகும். அதுவரை, கிராம அதிகாரிகள் அறுவடைக்கு முன் களங்களை ஒருமுறை சுற்றிவரலாம்.